மாமி எழுதச் சொன்ன சொல்

பக்கத்து வளவுக் கிணற்றில் யாரோ தண்ணீர் அள்ளுகிறார்கள். கப்பி கிறீச்சிடுகிறது, நிற்கிறது, மறுபடி கிறீச்சிடுகிறது. இந்த ஓசை காதில் விழுந்தால் போதும், நாற்பத்தெட்டு வயதிலும் என் கை தன்னையறியாமல் மாமியின் சேலைத் தலைப்பைத் தேடும்.

மாமி அப்பாவின் தங்கை. திருகோணமலை ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கும் வாட்டு வேலை. எங்கள் ஊர் கப்பல்துறை தாண்டி உள்ளே. ஊருக்கு ஒரு பொதுக்கிணறு. அதில் எங்கள் ஆட்கள் வாளியைத் தொடுவதில்லை. குடத்தை வைத்துவிட்டுக் காத்திருப்போம், மற்றவர்களில் மனம் வந்த யாராவது அள்ளி ஊற்றுவார்கள். சில நாள் அந்த மனம் வர ஒரு மணித்தியாலம் ஆகும். அன்றைக்கு மாமிக்குக் காலை வேலை, பஸ் வரும் நேரம். கயிற்றைப் பிடித்துத் தானே அள்ளிவிட்டார். கிணற்றடி வீட்டுக்காரர் எங்கள் சாதியைச் சொல்லி ஏசியபடி பூவரசந்தடியால் அடித்தார். மாமியின் வலக்கை முறிந்தது.

முறிந்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் மாமி போனது திருகோணமலைப் பொலிசுக்கு. பை தூக்க ஒன்பது வயது நான்.

ஜன்னலுக்கு வெளியே துறைமுகம் வெயிலில் மினுங்கியது. சார்ஜன்ட் கிண்ணியாக்காரர்; எங்களைப் போலத் தமிழ் பேசுவார், சிங்களத்தில் எழுதுவார். மாமி சொன்ன முறைப்பாட்டை எழுதி முடித்துப் புத்தகத்தை மாமி பக்கம் திருப்பினார். எங்கள் ஊரில் எல்லோரும் அந்த இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டு எழும்பிவிடுவார்கள். மாமி எழும்பவில்லை.

"என்ன எழுதியிருக்கிறியள் எண்டு தமிழில வாசியுங்கோ, சேர்."

"கிணத்தடியில தண்ணி அள்ளப்போன எடத்துல ரெண்டு பேருக்குச் சண்டை. கையில காயம்."

"அவர் சொன்ன சொல்லு எங்க?"

"அதெல்லாம் எழுத ஏலாது தங்கச்சி. அசிங்கம்."

"அவருக்கு வாய் கூசேல்ல, உங்களுக்கேன் பேனை கூசுது? வாட்டில, நோயாளின்ர கார்ட்டில எழுதாத வருத்தத்துக்கு ஆரும் மருந்து குடுக்கிறேல்ல சேர். அந்தச் சொல்லு இல்லாட்டி இது வாளிச் சண்டை. இருந்தா, அதுக்கெண்டு சட்டம் இருக்கு."

பிறகு மாமி அந்தச் சொல்லைச் சொன்னார். வீட்டில் நாங்கள் மூச்சு விடாத சொல். சார்ஜன்ட் பேனையை எடுக்கவில்லை. மறுபடி சொன்னார். டைப் அடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். மூன்றாம் தரம், எழுத்தெழுத்தாக. நான் உட்கார்ந்திருந்த வாங்கில் மெல்ல நகர்ந்து, நகர்ந்து, மறுகோடியில் முன்பின் தெரியாத ஓர் அம்மாவோடு, அவருடைய பிள்ளைபோல ஒட்டிக்கொண்டேன். மாமி எங்கள் மானத்தைச் சந்தையில் கொட்டுகிறார் என்று நினைத்தேன்.

சார்ஜன்ட் பேனையை எடுத்தார். "நீங்க லேசுப்பட்ட ஆளில்ல" என்றபடி புதுப்பக்கம் புரட்டினார். எழுதியதை முழுக்கத் தமிழில் வாசித்தும் காட்டினார். மாமி இடக்கையால், கோணல்மாணலாக, கையெழுத்து வைத்தார்.

மாதங்கள் கழித்து நீதிமன்றத்தில் அந்த ஒற்றைச் சொல்தான் அந்த மனிதரைக் கூண்டில் பிடித்து நிறுத்தியது. வெறும் வாளிச் சண்டை என்று அவருடைய சட்டத்தரணி எவ்வளவோ சொல்லியும் எடுபடவில்லை. தண்டனை விழுந்தது. இதை யாரிடம் சொன்னாலும் என் குரல் உயர்ந்துவிடுகிறது, உயரட்டும். கூச வேண்டியவர் யார் என்பதுதான் வாங்கில் நகர்ந்த அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

பொலிசிலிருந்து பஸ் நிலையத்துக்கு வந்தோம். தெரிந்த கொண்டக்டரிடம் சொல்லி மாமி என்னை ஊர்ப் பஸ்ஸில் ஏற்றினார். கைக்குக் கட்டுப்போட அவர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நான் முகம் கொடுக்கவில்லை. பஸ் உறுமியது. மாமி ஜன்னலருகே வந்தார்.

"வீட்ட போய்க் கொம்மாவக் கூட்டிக்கொண்டு கிணத்தடிக்குப் போ. குடத்த வச்சுக்கொண்டு நிக்காதயுங்கோ, நீங்களே அள்ளுங்கோ. ஆரும் மறிச்சாச் சண்டை பிடிக்காத. பேர் என்னெண்டு கேட்டு, சொன்னத அப்பிடியே எழுதிக்கொண்டு வா."