கையெழுத்து இல்லாத அனுமதி

பஸ்ஸில் நடத்துனராகச் சேர்ந்து டிக்கெட் பரிசோதகராக ஓய்வு பெற்றவன் நான். நடுவழியில் கைகாட்டி வண்டியை நிறுத்தி, முன்படியில் ஒருவர் பின்படியில் ஒருவர் ஏறி, எல்லார் டிக்கெட்டையும் வாங்கிப் பார்ப்போமே, அந்தக் கூட்டம். டிக்கெட் எடுக்காதவன் முகம் படியில் கால் வைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். அவன் ஜன்னலுக்கு வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருப்பான். பிடித்தால் உடனே ஒரு கதை வரும். கண்டக்டர் தரவில்லை, காற்றில் பறந்துவிட்டது, பின்னால் இருக்கிற மாமாவிடம் இருக்கிறது. ஒரு கதையைக்கூட நான் நம்பியதில்லை. அதற்குத்தான் சம்பளம்.

வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது, அந்தக் கண்ணுக்குக் கிடைக்கவில்லை. சிலிண்டர் வந்தால் எடை போடச் சொல்வேன். மருந்துக்கடை பில்லைத் தெருவில் நின்றே கூட்டிப் பார்ப்பேன். திருத்தணியில் பாதிக் கடைக்காரர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. என் மனைவி எனக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது. இதெல்லாம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அக்கா விஷயம் வரும்வரை.

அக்கா என்னைவிட ஆறு வயது பெரியவள். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். நான் அப்பா ஜாடை என்பதால், நான் தவழ்ந்த காலத்திலிருந்தே அவளுக்கு நான் நைனாதான். மாமா போய்ச் சேர்ந்த பிறகு, அம்மையார்குப்பத்தில் ஒரு தறிக்காரர் வீட்டுப் பின்போர்ஷனில் தனியாக வாடகைக்கு இருந்தாள். பிள்ளைகள் இல்லை. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். போன வருஷம் மாசி மாதத்தில் வீட்டுக்காரர் அவளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அந்த இடத்தில் இன்னும் இரண்டு பவர்லூம் போடப்போகிறாராம். ஆடி பிறந்தால் யாரும் வீடு மாறுவதில்லை. ஆகவே ஆனி முடிவதற்குள் போய்விட வேண்டும் என்பது பேச்சு.

"என்கூட வந்துடு அக்கா. பின்பக்கம் எடம் சும்மாதானே கீது. ஒரு ரூம் போட்டுடறேன். உள்ளயே பாத்ரூம், வெஸ்டர்ன் டாய்லெட்டு, புடிச்சிகினு எழுந்துக்க கம்பி, எல்லாம்" என்றேன்.

"உன் பொண்டாட்டி இன்னா சொல்றா நைனா?"

"அவதான் மொதல்ல சொன்னா."

அது சத்தியமான உண்மை. ஆனால் அக்கா "ஆங், சரி" என்று இழுத்த இழுப்பில் அவள் அதை நம்பவில்லை என்று தெரிந்தது. சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. எனக்கு மட்டும் எழுதி வைத்ததல்ல.

அனுமதி வாங்கித்தான் கட்டுவேன் என்று நான் நின்றேன். "நம்ம வூட்டுப் பின்வாசல்ல ஒரு ரூம் போட எதுக்குங்க பர்மிட்டு? இந்தத் தெருவுல யார் வாங்கினாங்க?" என்று மனைவி கேட்டாள். டிக்கெட் இல்லாமல் நான் ஏறுவதில்லை என்றேன். வாங்காமல் கட்டி, பாதியில் எவனாவது மனு போட்டு, அக்கா உள்ளே இருக்கும்போது கதவில் நோட்டீஸ் ஒட்டினால் என்ன செய்வது? இந்த ஊரில் யாரை நம்புவது?

பஸ் நிலையம் பக்கத்தில் உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவர் அலுவலகம் வைத்திருந்தார். ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, முதலில் வீடு கட்டியபோது வாங்கிய பழைய வரைபடம், மனையின் போட்டோ என்று பட்டியல் சொன்னார். ஒவ்வொரு நகலிலும் குறுக்கே கோடு போட்டு, 'கட்டட அனுமதிக்கு மட்டும்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் சிரித்ததை நான் கவனிக்காமல் இல்லை. பின்பக்கமும் பக்கவாட்டிலும் எவ்வளவு இடம் திறந்து விட வேண்டும், மழைநீர்க் குழி எங்கே வர வேண்டும் என்று வரைந்து காட்டினார். கட்டணம் சதுர அடிக்கு இவ்வளவு என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொன்னார். நான் நினைத்ததைவிடக் குறைவு. அங்கேதான் எனக்கு முதல் உறுத்தல்.

"இதுக்கு மேல?"

"இதுக்கு மேல என் ஃபீஸ் மட்டும்தான் சார்."

"அது சரிம்மா. அங்க... ஆபீஸ்ல?"

"அங்க ஒண்ணும் இல்ல சார். சின்ன வீடுங்களுக்கு இப்ப சுயசான்று. ரூல்படி கட்டுவோம்னு நீங்களும் நானும் கையெழுத்துப் போட்டுத் தர்றோம். ஆன்லைன்லயே வந்துடும்."

இவள் தொழிலுக்குப் புதுசாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எதையோ மறைக்கிறாள் என்று முடிவு கட்டினேன். வீட்டுக்கு வந்து, கேட்கப்போகிறவனுக்கு என்று ஒரு தொகையைக் கவரில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். அந்தப் பொறியாளர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என் போனுக்கு வந்த எண்ணைக் கேட்டார், சொன்னேன். பணம் கட்டச் சொன்னார், கட்டினேன். அச்சு இயந்திரம் இரண்டு தாளைத் துப்பியது.

"எத்தினி நாள்ல வரும்மா?" என்றேன்.

"வந்துடுச்சு சார். இதான்."

தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பச்சை மையில் கையெழுத்து இல்லை. வட்ட முத்திரை இல்லை. அடியில் கறுப்புப் புள்ளிகளாக ஒரு சதுரம். போலி டிக்கெட் எத்தனையோ பிடித்தவன் நான். போலி எப்போதும் அசலைவிடச் சுத்தமாக இருக்கும். இந்தத் தாள் ரொம்பச் சுத்தமாக இருந்தது. யாரும் ஒன்றும் கேட்காமல், டீ உறிஞ்சி முடிப்பதற்குள் அரசாங்கம் ஒரு மனிதனுக்கு அனுமதி கொடுக்குமா? வீடு கட்டிய காலத்தில் ஒரு கையெழுத்துக்காக நான் தேய்த்த செருப்பு எனக்கல்லவா தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா போன் செய்தாள். வெள்ளிக்கிழமைதோறும் செய்வாள். "பர்மிட்டு வந்துச்சா நைனா?"

"இன்னும் வரல அக்கா."

பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது தாள், அனுமதி அல்ல என்று மனதார நினைத்தேன். பக்கத்தில் நின்ற மனைவிதான் முறைத்தாள். "பேப்பர பீரோவுல வெச்சிகினு வரலன்றீங்களே?"

"உனக்குத் தெரியாது. இது முழுசா வரல."

மறுவாரம் கவரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்கே போனேன். கவுண்ட்டரில் இருந்த அம்மாள் தாளை வாங்கி, புள்ளிச் சதுரத்துக்கு நேராகப் போனைக் காட்டிவிட்டுத் திருப்பித் தந்தார். "சரியா கீதுங்க. வேலைய ஆரம்பிங்க."

"இல்லம்மா, வேற எதுனா பாக்கணும்னா..."

"இன்னா பாக்கணும்?"

என் கை சட்டைப் பக்கம் போனது. அவர் என் கையையே பார்த்தார். சட்டென்று எனக்குப் புரிந்துபோனது. பொறி வைத்திருக்கிறார்கள்! லஞ்சம் கொடுப்பவனைப் பிடிக்க யாரோ அந்தத் தூணுக்குப் பின்னால் நிற்கிறான்! "ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லி, ஓடவில்லை, ஆனால் நடந்தேன் என்றும் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் யாருக்காகவோ காத்திருந்தேன். எவனாவது வருவான், குறை சொல்வான், தொகை கேட்பான், கொடுத்த பிறகுதான் எனக்கு நிம்மதி. வேலையை ஆரம்பித்த பிறகு அவன் வந்தால் இரண்டு மடங்கு கேட்பான் என்பது என் கணக்கு. ஒருநாள் எதிர்ச் சாரியில் ஒருவன் எங்கள் வீட்டைப் போட்டோ எடுத்தான். வந்துவிட்டான் என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். அவன் மொட்டை போட்டு சந்தனம் பூசியிருந்த பக்தன். எங்கள் மாடிக்கு மேலே தெரிந்த மலைக்கோயிலை எடுத்துக்கொண்டிருந்தான்.

மேஸ்திரி நகரிப் பக்கத்துக்காரர். பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசுவார். மூன்று தடவை கயிறும் சுண்ணாம்புப் பொடியும் எடுத்துக்கொண்டு வந்து, மூன்று தடவையும் திரும்பிப் போனார். மூன்றாவது தடவை சொன்னார்: "சார், எனுக்கும் வவுறு கீது. திருவாலங்காட்டுல மண்டப வேல கூப்ட்டுகினே கீறாங்க. நான் போறேன்." போய்விட்டார். என்னை ஆழம் பார்க்கிறார், கூலியை ஏற்றப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமைகள் வந்துகொண்டே இருந்தன. "வந்துச்சா நைனா?" "வரல அக்கா." முதலில் அவள் அதிகாரிகளைத் திட்டினாள். பிறகு திட்டுவதை நிறுத்தினாள். பிறகு "சரி" என்று மட்டும் சொன்னாள். அந்தச் 'சரி'யில் ஏதோ மாறிவிட்டது என்று நான் கவனித்திருக்க வேண்டும். ஊரிலுள்ள எல்லாரையும் கவனித்துக்கொண்டிருந்தேன், அதை விட்டுவிட்டேன்.

ஆனி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வந்து இறங்கினாள். அந்த முழங்காலோடு டவுன் பஸ்ஸில் ஏறி, பஸ் நிலையத்திலிருந்து நின்று நின்று நடந்து வந்திருக்கிறாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். கறிவேப்பிலைச் செடியும் துணி காயப்போடும் கயிறும் இருந்தன. ஒரு செங்கல் இல்லை.

கூடத்துக்கு வந்து நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள். என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்துக் கேட்டாள்: "உனக்கு இஷ்டம் இல்லன்னா நேராவே சொல்லிடும்மா. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். எதுக்கு அவன பர்மிட்டு பர்மிட்டுன்னு சொல்ல வெக்கிற?"

மனைவியின் முகம் செத்துப்போனது. இருபத்தெட்டு வருஷத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. உள்ளே போய், பீரோவைத் திறந்து, அந்த இரண்டு தாளையும் கொண்டுவந்து அக்கா மடியில் வைத்தாள்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். மெதுவாகத்தான் படிப்பாள், ஆனால் ஒரு எழுத்து விடமாட்டாள். என் பெயரைப் படித்தாள். கதவு எண்ணைப் படித்தாள். பிறகு விரல் மேலே போய் ஓர் இடத்தில் நின்றது.

"நாலாவது மாசம்னு தேதி போட்டிருக்குதே" என்றாள். "இது ஏழாவது மாசம்."

நான் ஆரம்பித்தேன். கையெழுத்து இல்லை அக்கா, முத்திரை இல்லை, யாரும் பணம் கேட்கவில்லை, அதனால் சந்தேகம், ஆபீசுக்கும் போய்ப் பார்த்தேன். எல்லாம் நிஜம். ஆனால் சொல்லச் சொல்ல என் காதிலேயே அது எப்படிக் கேட்டது தெரியுமா? கண்டக்டர் தரவில்லை சார். காற்றில் பறந்துவிட்டது சார். கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

அக்கா தாளை இரண்டாக மடித்து மேசைமேல் வைத்தாள். "எதுக்குப்பா இவ்ளோ கஷ்டப்படற? வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போயிருப்பேனே" என்றாள். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னப் போயி கேட்டுட்டேன், மனசுல வெச்சிக்காத" என்றாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். சாம்பார் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னாள்.

ஆனி முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் அவள் ஆர்.கே.பேட்டைக்கு வீடு மாறினாள். முன்பு ஒரே தறிக்கொட்டகையில் அவளோடு வேலை பார்த்த ஒரு கிறிஸ்தவ அம்மா, தனியாக இருப்பவர், கூட இருக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு அது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும்.

நான் வெறிபிடித்தவன் போல மேஸ்திரியைத் தேடிப் போனேன். அவர் மண்டப வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார். ஆடியில் பூமிபூஜை போட ஐயர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆடிக் கிருத்திகை நெருங்கியதும் மலையடிவாரத் தெருக்களில் மணல் லாரியை விடவில்லை. ஆவணியில்தான் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினோம். சுவர் எழும்பும்போது ஒருநாள் உண்மையிலேயே ஓர் அதிகாரி வந்தார். டேப் பிடித்துப் பின்பக்க இடத்தை அளந்தார், மழைநீர்க் குழியை எட்டிப் பார்த்தார், ஒரு டம்ளர் மோர் குடித்தார், "சரியா இருக்குதுங்க" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார். தெருமுனை திரும்பும்வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஏதாவது கேட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது. கேட்டிருந்தால் அக்காவிடம் போய்ச் சொல்லியிருப்பேன். அந்தக் கவர் பணத்தில் மனைவி பாத்ரூமுக்கு வழுக்காத டைல்ஸ் வாங்கிவிட்டாள்.

தை மாதத்தில் பால் காய்ச்சினோம். அக்கா வந்தாள், ஒரு கைப்பையோடு. புது அறையில் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். பாத்ரூமுக்குள் போய்க் கம்பியைப் பிடித்து ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தாள். "நல்லா கட்டியிருக்க தம்பி" என்றாள். தம்பி. எனக்கு அறுபது வயதாகிறது, அவள் வாயால் அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நான்தான் போன் செய்கிறேன். அறையைப் பூட்டி வைத்திருக்கிறேன். கிருத்திகைக்கு வருகிறவர்கள் வாடகைக்குக் கேட்டும் கொடுக்கவில்லை. எப்போது வருகிறாய் என்று ஒவ்வொரு வாரமும் கேட்கிறேன்.

"வரணும்னுதான் பாக்கறேன் தம்பி. இந்தம்மா உட மாட்டேன்றாங்க. தனியா இருக்க பயமா கீதாம். ஈஸ்டர் முடியட்டும்னாங்க" என்றாள். ஈஸ்டர் முடிந்தது. "அவுங்களுக்குக் கண் ஆபரேஷன் கீது, அது முடியட்டும்னு சொல்றாங்க" என்றாள் போன வாரம். "அவுங்க விட்டாதானே நான் வர முடியும்?"

அந்த அம்மா நிஜமாகவே விடவில்லையா, அப்படி ஒரு ஆபரேஷன் இருக்கிறதா, எனக்குத் தெரியாது. ஆர்.கே.பேட்டைக்கு ஒரு நடை போய்ப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவேன். "சரி அக்கா" என்று சொல்லிப் போனை வைத்தேன். டிக்கெட்டைக் காட்டு என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் இல்லை.