மாமா பொருத்திய கிக்கர்

என் மாமா லிஃப்ட் மெக்கானிக். மனிதர்கள் பெரும்பாலும் மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் இருந்துதான் அவரோடு பேசுவார்கள். "யோவ், இன்னும் எவ்வளவு நேரம்யா?" என்பதுதான் அந்தப் பேச்சு. கதவு திறந்ததும் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் செல்போனில் சிக்னல் தேடிக்கொண்டே போய்விடுவார்கள்.

தன்னை யாராவது நின்று பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. பழைய மாடல் பைக் வாங்கினார். அதாவது, புத்தம் புதிய பழைய மாடல். வட்ட ஹெட்லைட், உருண்டு திரண்ட டாங்க், பழுப்பு நிற சீட். உள்ளே எல்லாம் கம்ப்யூட்டர்.

அதற்கு முன் எங்கள் குடும்பத்தில் யாரிடமும் பைக் இருந்ததில்லை. தாத்தாவிடம் சைக்கிள் இருந்தது. அதையும் பாதி நாள் தள்ளிக்கொண்டுதான் போவார். ஆனாலும் மாமா டாங்கைத் தடவி, "அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா!" என்று பெருமூச்சு விடுவார். எந்தக் காலம் மாமா என்று நான் கேட்டதில்லை. எந்த முகத்தோடு கேட்பது? ஹாலில் என் பட்டமளிப்புப் படம் தொங்குகிறது. அதில் நான் போட்டிருக்கும் கறுப்பு அங்கி வாடகைக்கு எடுத்தது. பின்னால் தெரியும் புத்தக அலமாரி, திரைச்சீலையில் வரைந்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான் ஏழு தலைமுறையாகப் படித்துக் களைத்தவள் மாதிரி நிற்கிறேன்.

மாமாவுக்கு எதிர்க்கட்சி, அத்தையின் தம்பி. வீட்டில் அவருக்கு ராக்கெட் என்று பெயர். அவருடைய பைக் கோபக்கார வெட்டுக்கிளி மாதிரி இருக்கும். மழைக்கு ஒரு மோடு, பந்தயத்துக்கு ஒரு மோடு. பந்தய மோடில் அவர் தினமும் ஆபீசுக்குப் போவார். தண்ணீர் லாரிக்குப் பின்னால், டாங்க் மேல் படுத்தபடி ஊர்ந்துகொண்டு. இடுப்புக்கு பெல்ட் போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

"அத்தான், உங்க வண்டி ஓடுதா, இல்ல நின்னுக்கிட்டு நினைச்சுப் பார்க்குதா?" என்பார் ராக்கெட்.

"உன் வண்டியில ஏறினா முதுகு போகும், இறங்கினா மானம் போகும். நீ பேசாதே" என்பார் மாமா.

"ரெண்டு பேரும் போய் கேஸ் சிலிண்டர் எடுத்துட்டு வாங்க. எந்த வண்டியில ஏறுதுன்னு பார்ப்போம்" என்பார் அத்தை. இரண்டிலும் ஏறாது. அத்தையின் பழைய ஸ்கூட்டரில் ஏறும்.

பழைய மாடல் பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. ஞாயிறு காலைகளில் பைபாஸ் டீக்கடையில் கூடுவார்கள். கிளம்பும்போது ஒவ்வொருவராகக் காலால் உதைத்து வண்டியைக் கிளப்ப வேண்டும் என்பது அவர்கள் வைத்திருந்த சம்பிரதாயம். பட்டன் வண்டிக்காரர்களுக்குக் கடைசி வரிசை. புகை அவர்கள் பங்கு.

மாமாவின் வண்டிக்குப் பட்டன் மட்டும்தான். ஆகவே ஒரு வெல்டிங் கடையில் கிக்கர் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு வந்தார். அது இன்ஜினோடு எந்த உறவும் இல்லாத கிக்கர். கால் உதைக்கும் அதே நொடியில் கட்டைவிரல் பட்டனை அழுத்த வேண்டும். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு பார்க்கிங்கில் பயிற்சி எடுத்தார்.

"விரல் முந்துது மாமா" என்றேன்.

"இப்போ?"

"இப்போ கால் முந்துது."

"படிச்சவளாச்சே மருமகளே, பொறுமையாப் பாரு."

மூன்றாண்டு இயற்பியல் படித்ததற்கு வீட்டில் கிடைத்த முதல் வேலை அதுதான்.

சங்கம் போகும் நெடும்பயணத்தில் முன்வரிசையில் யார் போவது என்று சங்கத் தலைவர் அறிவிக்கும் ஞாயிறு வந்தது. மாமா முந்தைய வாரமே சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டார். நான் பின்சீட்டில். வேடிக்கை பார்க்க ராக்கெட்டும் வெட்டுக்கிளியோடு வந்தார்.

போட்டோவுக்காக மாமா அன்று வண்டியை சைடு ஸ்டாண்டில் சாய்த்து, தானும் அதன் மேல் சாய்ந்து நின்றார். அவர் முறை வந்தது. ஏறி உட்கார்ந்து உதைத்தார். காலும் விரலும் அவ்வளவு அழகாகச் சேர்ந்தன. வண்டி மூச்சு விடவில்லை.

மறுபடி உதைத்தார். மறுபடியும்.

"கார்புரேட்டர்ல அடைப்பு" என்றார் ஒருவர்.

"பெட்ரோல் ஓவரா ஏறிடுச்சு. விட்டுப் பிடிங்க" என்றார் இன்னொருவர். அந்த வண்டியில் கார்புரேட்டரே கிடையாது. மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முகத்தில் ஈயாடவில்லை. பலம் கொண்டமட்டும் இன்னொரு உதை விட்டார். கிக்கர் கழன்று, தரையில் உருண்டு, தலைவரின் பூட்ஸ் அருகில் போய் நின்றது.

டீக்கடைக்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"அத்தான்," என்றார் ராக்கெட் மெதுவாக. சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை. "சைடு ஸ்டாண்டு கீழ இருக்கு. சென்சார் விடாது."

கதவு முழுசாகச் சாத்தாமல் லிஃப்ட் நகராது என்று தினமும் ஊருக்கே பாடம் எடுப்பவர் என் மாமா. ஸ்டாண்டை மடக்கினார், பட்டனை அழுத்தினார். வண்டி ஃபிரிட்ஜ் மாதிரி அமைதியாக ஓடத் தொடங்கியது.

அவர் பார்வை கடைசி வரிசைக்குப் போனதைப் பார்த்தேன். வண்டியை அங்கே தள்ளத் தொடங்கிவிட்டார்.

தலைவர் கிக்கரைக் குனிந்து எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமாவின் காதருகே போய், எனக்கும் கேட்கும் அளவுக்குச் சொன்னார்: "வெறும் வெல்டிங் நிக்காது சார். உள்ளே ரெண்டு போல்ட் கொடுக்கணும். என்னோடதுல அப்படித்தான்."

பக்கத்தில் இருந்த இருவர் தங்கள் கிக்கர்களைக் கவலையோடு குனிந்து பார்த்தார்கள். மீதி இருந்தவர்களில் யாரும் அன்று உதைக்கவில்லை. திடீரென்று எல்லோருக்கும் முழங்கால் வலி. முன்வரிசைப் பெயர்களைத் தலைவர் வாசித்தபோது முதல் பெயர் மாமாவுடையது. விஷயம் தெரிந்தவரைக் கண்ணெதிரே வைத்துக்கொள்வது நிர்வாகத் திறமை.

"நானும் வரலாமா?" என்று கேட்டார் ராக்கெட்.

"நம்ம வண்டிங்களோட ஆன்மா உங்களுக்குப் புரியாது தம்பி" என்றார் தலைவர்.

வீடு வந்ததும் மாமா டூல் பெட்டியைத் திறந்து இரண்டு போல்ட்டுகளைத் தேடி எடுத்தார்.

"பட்டனை மட்டும் அழுத்திட்டு முன்வரிசையில போங்களேன் மாமா. இப்பதான் எல்லாருக்கும் தெரியுமே?"

"தெரிஞ்சா என்ன? நீ அந்த அங்கியைக் கழட்டிட்டா போட்டோ எடுத்தே?"

கிக்கரை நேராகப் பிடித்துக்கொண்டேன். அவர் முடுக்கினார்.