பாட்டு மறந்ததும் டாக்டரிடம் போனேன்

என் அப்பா கடைசிக் காலத்தில் என்னைத் தபால்காரர் என்று நினைத்து, "கடுதாசி ஏதும் இருக்கா?" என்று கேட்பார். அவருக்கு மூளை சுருங்கிவிட்டதாகச் சொன்ன டாக்டர், சில குடும்பங்களில் இது பிள்ளைகளுக்கும் வருவதுண்டு என்றார். அன்றிலிருந்து குடையை மறந்து வைத்தாலும் எனக்கும் அது வந்துவிட்டது என்றே நினைப்பேன்.

நாடு விடுதலை பெறும் மெர்டேக்கா நாள் நெருங்கியபோது எங்கள் ஊர் காஜா பேராங்கில் எல்லாரும் புதிய நாட்டுப்பண்ணைப் பாடிப் பழகினார்கள். எனக்கு மட்டும் இரண்டாம் அடிக்கு மேல் வரவில்லை. "அப்பாவோட வியாதி வந்துடுச்சு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போனேன்.

அவர் பாடச் சொன்னார். பாடினேன். அதே இடத்தில் நின்றது. "இது தெரியலையா?" என்று அவரே பாட்டைத் தொடர்ந்தார், அவருக்கும் பாதியில் நின்றது. வெளியே காத்திருந்த நோயாளிகளைக் கேட்டோம். ஆளுக்கொரு விதமாகப் பாடினார்கள்.

டாக்டர் சிரித்துவிட்டார். "பாட்டே புதுசு லா! உங்கப்பா, மறதி வந்துடுச்சுன்னு அவரா வந்து சொன்னாரா?"

"இல்ல டாக்டர். நாங்க சொன்னாலே சண்டைக்கு வருவாரு."

"பாத்தீங்களா? அப்பாவுக்கு வந்தா மகனுக்குக் கட்டாயம் வரும்னு இல்ல. அப்படியே வந்தாலும் மொதல்ல உங்க வீட்டம்மாவுக்குத்தான் தெரியும். போய்ட்டு வாங்க."

நிம்மதியாக வீட்டுக்கு நடந்து வந்தேன். வாசலில் நின்ற மனைவி, "சைக்கிள் எங்கே?" என்றாள்.

முன்பென்றால் அழுதிருப்பேன். இப்போது என் மூளையை நானே சோதிப்பதில்லை. அந்தப் பொறுப்பை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். அவள் அதை மிகுந்த சந்தோஷத்துடன் செய்துவருகிறாள்.