மாமா மலை ஏறிய காலை

எங்கள் மாமாவுக்கு மலை ஏறத் தெரியாது என்பது ராகலைப் பக்கத்து எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த வேடிக்கை. தேயிலைக்குள்ளேயே பிறந்தவர், ஆனால் வரும்போதெல்லாம் எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்து வாசலோடு நின்றுவிடுவார். "டவுன் காலு, ஏறாது" என்று அப்பா கேலி செய்வார். மாமாவும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் அம்மாவின் தம்பி. சின்ன வயதிலேயே தோட்டத்தை விட்டு ஓடியவர், நானுஓயாவில் வேன் ஓட்டிக் குடித்துக் கெட்டார். கண்டிப் பக்கத்துப் புத்தர் கோயிலான பன்சலையில் ஒரு பிக்கு ஹாமுதுருவை இறக்கிவிடப் போனவர், அங்கேயே தியானத்தில் உட்கார்ந்துவிட்டார். பல வருடம் கழித்து, அங்கே வரும் தமிழ் ஆட்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுப்பவராக வெளியே வந்தார். "வேனையே நேரா ஓட்டாதவன் மனச ஓட்டப் போறானாம்" என்றார் அப்பா.

அந்த வருடம் கொழுந்தெடுக்கும் மலையில் அம்மாவைக் குளவி கொட்டியது. நான் பிறப்பதற்கு முன் தாத்தா செத்ததும் அதே மலையில், குளவி கொட்டித்தான். அம்மாவுக்கு வீக்கம் வடிந்தது, பயம் வடியவில்லை. குளவி இரைவது போல ஆட்டோ சத்தம் கேட்டாலே மூலையில் ஒடுங்கிவிடுவாள். கொழுந்தெடுக்கப் போகாதவளை வீட்டுவேலைக்கு வெளிநாடு அனுப்பலாம் என்று அப்பா ஏஜென்டிடம் பேசிவிட்டார். அம்மா இல்லாத வீட்டை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமாவுக்குப் போன் போட்டு அழுதது நான்தான்.

மாமா வந்தார். வாசலில் பாய் விரித்து அம்மாவை உட்காரவைத்து, தானும் கண்ணை மூடினார். எங்கள் லயத்தில் ஒருவர் அப்படி உட்கார்ந்தால் சாமி வரப்போகிறது என்றுதான் அர்த்தம். சற்று நேரத்தில் எலுமிச்சம்பழம் வந்தது, சாம்பிராணி வந்தது. பக்கத்துக் காம்பரா வீட்டு அத்தை கும்பிட்டுக் கேட்டாள்: "சாமி, எம் பசுவ நேத்துலேருந்து காணோம். எங்க இருக்குன்னு வாக்கு சொல்லுங்க."

"மொதல்ல சும்மா ஒக்காந்து மூச்ச பாருங்க அத்தை" என்றார் மாமா.

அதையே வாக்காக எடுத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். எங்கள் லயம் வாயை மூடி நான் பார்த்தது அன்றுதான். அந்த அமைதியில், கீழே ஓடைப் பக்கம் பசு கத்துவது எல்லாருக்கும் கேட்டது. அத்தை, மாமாவின் காலிலேயே விழுந்துவிட்டாள்.

சில நாள் இப்படிப் போனதும், "நாளைக்கு மலைக்குப் போய்ப் பாரேன் அக்கா" என்றார் மாமா.

"நீ வந்தா வர்றேன்" என்றாள் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் கலைந்ததும் அம்மா கூடையோடு கிளம்பினாள். பக்கத்தில் அவள் கையைப் பிடித்தபடி மாமா, பின்னால் நான். மூச்சைப் பார்த்தது போலவே கால் தரையில் படுவதைப் பார்த்து, ஒரு காலை ஊன்றி, நின்று, அடுத்த காலை எடுத்தார்கள். "இந்த வேகத்துல போனா கொழுந்து முத்திப் போயிரும்!" என்று மேலேயிருந்து கங்காணி கத்தினார்.

குளவிக்கூடு இருந்த பாறைக்கருகில் ஒற்றைக் குளவி ரீங்காரமிட்டு வந்தது. இருவரும் அப்படியே நின்றார்கள்.

"கால் எங்க இருக்கு?" என்று கேட்டார் மாமா. அம்மாவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தரையிலதான் இருக்கு" என்றாள் அம்மா.

வாத்தியார் கேட்க, அம்மா சரியாக விடை சொல்லிவிட்டாள் என்று எனக்கு ஒரே பெருமை. குளவி தன் பாட்டுக்குப் போனது. அம்மா கொழுந்து கிள்ள ஆரம்பித்தாள். ஏஜென்ட் வேறு வீடு பார்த்துப் போனார். அதன் பிறகு மாமா எப்போது வந்தாலும் மலைக்கு ஒரு நடை போகாமல் திரும்பியதில்லை.

இப்போது மாமா நானுஓயாவில் தமிழிலும் சிங்களத்திலும் தியானம் சொல்லிக்கொடுக்கிறார். போன பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது, "ஒங்க பயத்தையே ஓட்டுன மனுசன்ல!" என்றேன் அம்மாவிடம்.

அம்மா கொழுந்துக்கறை ஏறிய விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தாத்தா விழுந்த அன்னைக்கு, அவருக்குத் தேத்தண்ணி கொண்டு போனவன் அவன்தான். சின்னப் புள்ள. எல்லாத்தையும் பாத்துட்டு எறங்கி ஓடுனவன், அதுக்கப்புறம் என்கூட வர்ற வரைக்கும் மலை ஏறவே இல்ல. அந்தப் பாறைகிட்ட அவன் எனக்குப் பாடம் நடத்தல புள்ள. கால் எங்க இருக்குன்னு அவனுக்கே தெரியல. நான்தான் சொன்னேன்."