சட்டத்துக்கடியில் போன மூலை

மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களை இருபத்தாறு வருடமாகக் கூட்டிவரும் பானு, அதுவரை படம் எதுவும் வரைந்ததில்லை. ஊர் வரலாற்றை ஊர்க்காரர்களே வரையும் கண்காட்சி தெப்பக்குளம் பக்கத்து மண்டபத்தில் நடக்கப்போகிறது, யார் வேண்டுமானாலும் வரையலாம் என்று ஓவிய ஆசிரியர் ஜகன்னாத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பானுவும் காலண்டர்த் தாள்களை ஒட்டி, அவற்றின் பின்பக்கத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து வரைந்தார்.

மற்றவர்கள் உச்சிப் பிள்ளையாரையும் குகைத் தூண்களையும் ராஜாக்களின் போர்களையும் வரைந்தார்கள். பானு வரைந்தது தரைக்குக் கீழே இருப்பதை. எந்தச் சாக்கடை எதில் சேர்கிறது, பழைய அகழியைத் தூர்த்துப் போட்ட சாலையில் மழைக்கு எங்கே தண்ணீர் நிற்கிறது, எல்லாம் அதில் இருந்தது. வலது மூலையில் ஒரு சிவப்பு வட்டம். பக்கத்தில் எழுதியிருந்தார்: ‘திருவேங்கடம், வயது 31. சுத்தம் செய்ய இந்தச் சாக்கடைக் குழியில் இறக்கினார்கள். பிணமாகத்தான் தூக்கினோம்.’ திருவேங்கடம் அவருடைய தம்பி.

திறப்பு விழாவன்று கூட வேலை பார்க்கும் லூர்துராணியை அழைத்துக்கொண்டு போனார். படம் நடுச்சுவரில், அகலமான மரச்சட்டத்துக்குள் இருந்தது. நாலு பேர் நின்று வியந்துகொண்டிருந்தார்கள். சிவப்பு வட்டத்தை மட்டும் காணோம். அந்த மூலையைச் சட்டத்துக்குள் மடித்து விட்டிருந்தார்கள்.

பானு ஜகன்னாத்தைத் தேடிப்பிடித்துக் கேட்டார். ஜகன்னாத்தும் மறைக்கவில்லை.

“இது ஊரைக் கொண்டாடுற நிகழ்ச்சி, அக்கா. சாவு வேணாமேன்னு கமிட்டில நினைச்சாங்க.”

“ராஜாக்கள் சண்டைபோட்டுச் செத்ததை அந்தச் சுவர் முழுக்க வரைஞ்சிருக்கீங்களே சார். அது சாவு இல்லையா? என் தம்பி செத்ததுதான் உங்களுக்கு அசிங்கமா இருக்கா?”

பானு சட்டத்தைக் கழற்றித் தரையில் கவிழ்த்தார். ஆணிகளை லூர்துராணி பிடுங்கினார். கமிட்டிக்காரர் ஒருவர் ஓடிவந்து, சிறப்பு விருந்தினர் வரும் நேரம் என்று தடுத்துப் பார்த்தார். இருவரும் காதில் வாங்கவில்லை. மடிப்பை நீவிவிட்டு, வெறும் தாளாகவே அதே இடத்தில் ஒட்டினார்கள். விருந்தினர் வந்து அதன் முன்னால்தான் வெகுநேரம் நின்றார்.

அதன்பிறகு யாரும் அதைத் தொடவில்லை. கடைசி நாள் ஜகன்னாத் வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டு, நிறைவு விழாவில் பேசக் கூப்பிட்டார். பானு போகவில்லை. போன மாதம்கூட ஒரு காண்டிராக்டர் விஷவாயுத் தடுப்பு முகமூடி இல்லாமல் ஆளைக் குழிக்குள் இறக்கியதைக் கண்ணால் பார்த்தவர் அவர். இனி எங்காவது இறக்கினால், கமிட்டியோடு வந்து தடுக்க முடியுமா என்று மட்டும் ஜகன்னாத்திடம் கேட்டனுப்பினார்.