பின் தெருவுக்காக உயர்ந்த கைகள்

என் பெயர் செல்வராணி. திண்டுக்கல்லுக்கு வெளியே, அகரம் போகிற வழியில் உள்ள ஒரு காலனியில் குடியிருக்கிறோம். போன வருஷம் கோடையில் என் கணவரைச் சபையை விட்டுத் தள்ளி வைத்தார்கள். நிச்சயமான என் மகளின் கல்யாணம் நின்றுபோகும் நிலைக்கு வந்தது. கூடவே வாழ்ந்தவர்கள் எங்களைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடந்தார்கள். இனித் தலைநிமிரவே மாட்டோம் என்று நினைத்தேன். அந்தப் பள்ளத்திலிருந்து ஆண்டவர் எங்களைத் தூக்கிவிட்ட விதத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சகோதர சகோதரிகளே, பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் காலனி உண்டான கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். நாங்கள் எல்லோரும் முதலில் டவுனில் ஒரு பெரிய சபையில் இருந்தோம். அங்கே எல்லாம் மேலே இருப்பவர்கள் முடிவு. கேள்வி கேட்டால் வாயை அடைப்பார்கள். மனம் வெறுத்துச் சில குடும்பங்கள் பிரிந்து வந்தோம். மானாவாரி நிலத்தை வாங்கி வீடுகள் கட்டினோம். நடுவில் ஒரு சின்ன ஆலயமும் எழுப்பினோம். எங்களை நடத்தியவர் மூப்பர் ஞானமுத்து ஐயா. சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். அவர்மேல் எங்களுக்கு அவ்வளவு மதிப்பு.

முதல் கூட்டத்தில் ஐயா ஒரு கதை சொன்னார். பல நூறு வருஷங்களுக்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி அமெரிக்கக் கரையில் குடியேறிய பக்தர்களின் கதை. தங்கள் ஊரைத் தாங்களே ஆண்டுகொண்டார்களாம். ஆனால் சபையில் அங்கமானவனுக்குத்தான் ஊர்க் காரியத்தில் ஓட்டு. கேட்கக் கேட்க எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. நாமும் அப்படியே இருப்போம் என்று உடன்படிக்கை செய்தோம். எங்கள் சபையில் திருவிருந்து, அதாவது ஆராதனையில் கொடுக்கும் அப்பமும் ரசமும், எடுக்கிறவர்கள் மட்டுமே காலனிக் கூட்டத்தில் கை தூக்கலாம். ஆண், பெண் இருவருக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் பெண்கள் யாரும் வாய் திறந்ததில்லை. புருஷன் கை உயர்ந்தால் எங்கள் கையும் உயரும், அவ்வளவுதான்.

பிறகு மீதியிருந்த மனைகளை வெளியாட்கள் வாங்கினார்கள். அது பின் தெரு ஆனது. கத்தோலிக்கர், இந்துக்கள், டவுனில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் நூர்ஜஹான் அக்கா குடும்பம் என்று கலந்து இருந்தார்கள். காலனித் தண்ணீர் மோட்டார் பழுதானால் செலவில் அவர்களும் பங்கு கொடுப்பார்கள். கூட்டத்துக்கு மட்டும் அவர்களுக்கு அழைப்பு கிடையாது. அதைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களிலேயே போர்வெல் தண்ணீர் கீழே இறங்கிவிட்டது. மோட்டார் போட்டால் செத்த நேரத்தில் காற்றுதான் வந்தது. என் கணவர் சாமுவேல் மோட்டார் மெக்கானிக். காலனிக்குத் தண்ணீர் திறந்துவிடுவதும் அவர் பொறுப்புதான். மழை பெய்யும்வரை பின் தெரு வால்வை மூடிவிடுவது என்று கூட்டத்தில் முடிவானது. ஐயா இவரைப் பார்த்து, "நாளையில இருந்து மூடிருப்பா" என்றார்.

இவர் எழுந்து நின்றார். "என்னால முடியாதுங்கய்யா. அந்த வீடுகள்லயும் பச்சப்புள்ளைக இருக்கு. அவுகளையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்க. எல்லாரும் சேந்து முறை வச்சுக்குவோம்."

"உடன்படிக்கையை மாத்தச் சொல்றியா சாமுவேல்?"

"திருவிருந்து யாருக்குன்னு நீங்க சொல்லுங்க, கேட்டுக்கிறேன். தண்ணி யாருக்குன்னு இங்க குடியிருக்கிற எல்லாரும் சொல்லட்டும். ரெண்டையும் எதுக்குங்கய்யா ஒண்ணாக் கட்டணும்?"

வேறொருவர் போய் வால்வை மூடினார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயா அறிவித்தார். உடன்படிக்கையை எதிர்த்த சாமுவேல் சபைக்கு முன்னால் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்வரை அவருக்குத் திருவிருந்து இல்லை. யாரும் அவரோடு பழகவும் கூடாது. ஈஸ்டர் முடிந்ததும் எங்கள் மகள் ஜெனிபருக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆலயத்தில் கல்யாண ஓலை வாசித்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று அறிவிக்க வேண்டும். அதையும் வாசிக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். நத்தத்திலிருந்து சம்பந்தியம்மா போன் செய்தார். "ஒங்க சபையிலயே வாசிக்கலைன்னா எங்க சபையில எப்படிங்க வாசிப்பாக? சொந்தக்காரவுக ஒரு மாதிரி கேக்குறாக" என்றார்.

எனக்கு உலகமே இருண்டது. இவரிடம் கெஞ்சினேன். "ஒரு வார்த்தை தப்புன்னு சொல்லிட்டு வாங்களேன். நம்ம புள்ளைக்காக."

"தப்புன்னு மனசுல படலையே ராணி. பொய் சொல்லிட்டு அந்த அப்பத்தை எப்படிக் கையில வாங்குவேன்?"

உபவாசம் இருந்தேன். என் கணவர் மனதை இளக்கும் ஆண்டவரே என்று அழுது ஜெபித்தேன். பதில் இல்லை. ஒரு மத்தியானம் நான் முழங்காலில் இருந்தபோது ஜெனிபர் வந்து பக்கத்தில் முழங்கால் போட்டாள். என் ஜெபத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தவள் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, அப்படிக் கேக்காதம்மா. அப்பா சொல்றது சரின்னு ஒனக்கே தெரியும். கல்யாணம் நின்னா நிக்கட்டும். அப்பா தலை குனிஞ்சு அதுல நடக்குற கல்யாணம் எனக்கு வேணாம்."

கல்யாணப் பெண் பேசுகிற பேச்சா இது? அவள் போனபிறகு வெகுநேரம் அழுதேன். பிறகு என் ஜெபமே மாறிவிட்டது. "ஆண்டவரே, இவர் பக்கம் நின்று பேச ஒரே ஒரு வாயைத் திறந்துவிடும்" என்று கேட்க ஆரம்பித்தேன். பெரிய ஊழியக்காரர் யாராவது வருவார், வக்கீலாக இருக்கும் என் தம்பி வந்து பேசுவான் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். யாரும் வரவில்லை.

அந்த நாட்களில் எங்களோடு முகம் கொடுத்துப் பேசியவர் நூர்ஜஹான் அக்கா மட்டும்தான். மெயின் ரோட்டில் லாரித் தண்ணீர் பிடித்துக் குடத்தோடு வந்தவர் எங்கள் வாசலில் நின்றார். "எங்களாலதானே தங்கச்சி ஒங்களுக்கு இம்புட்டுக் கஷ்டம். நானும் தொழுகையில துவா கேக்குறேன். புள்ள கல்யாணம் நல்லா நடக்கும், பாருங்க" என்றார். அன்று முதல் எங்கள் குழாயில் வருகிற தண்ணீரை அவரோடு பங்கிட்டுக்கொண்டேன். மனதுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

கடைசிக் கூட்டத்தை ஆலயத்துக்குள் கூட்டினார்கள். இவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் பேரையே நீக்கிவிடுவது என்று ஏற்பாடு. ஐயா கேட்டார். இவர் அமைதியாக, "முடியாதுங்கய்யா" என்றார். பேரை நீக்கச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்று ஐயா சொல்ல வாயெடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"செத்த இருங்க."

பெண்கள் பக்கமிருந்து வந்த குரல். கண்ணைத் திறந்தேன். எழுந்து நின்றது எஸ்தரம்மா. மூப்பர் ஐயாவின் மனைவி! ஆலயத்தில் பாட்டுப் பாடுவதைத் தவிர அவர் சத்தத்தை நாங்கள் கேட்டதில்லை.

"எஸ்தர், உக்காரு" என்றார் ஐயா.

"இம்புட்டு வருஷம் உக்காந்துதான இருந்தேன். டவுன் சபையில ஒங்களைப் பேசவிடலைன்னு நம்ம அடுப்படியில வந்து அழுதீங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னு அழுதீங்க. பின் தெருக்காரவுகளும் அதைத்தான கேக்குறாக?"

எஸ்தரம்மா அதோடு நிறுத்தவில்லை.

"கப்பலேறிப் போன சனங்க கதைய இவுகளுக்குப் பாதிதான் சொன்னீங்க. எனக்கு மீதியும் சொல்லியிருக்கீங்க. தங்களுக்கு விடுதலை வேணும்னு போனவுக, மாத்திப் பேசின மனுசனைக் குளிர்காலத்துல ஊரை விட்டுத் தொரத்தினாகன்னு சொன்னீங்க. அது பெரிய பாவம்னு சொன்னதும் நீங்கதான். இன்னிக்கு நாம சாமுவேலைத் தொரத்தலாமா?"

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"தண்ணி, லைட்டு, ரோட்டு விஷயத்துக்குப் பின் தெருவையும் கூப்பிடலாம்னு நெனைக்கிறவுக கையத் தூக்குங்க" என்று சொல்லி எஸ்தரம்மா தன் கையைத் தூக்கினார். தள்ளி வைக்கப்பட்ட என் கணவருக்குக் கை தூக்க உரிமை இல்லை. யார் முகத்தையும் பார்க்காமல் நான் என் கையைத் தூக்கினேன். என் வாழ்நாளில் இவர் கை உயராமல் என் கை உயர்ந்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் ஒரு கை, பின்னால் ஒரு கை. பெண்கள் பக்கம் முழுதும் கைகள். பிறகு ஆண்கள் பக்கமும் ஒவ்வொன்றாக உயர்ந்தன. ஐயா தன் கையைத் தூக்கவில்லை. ஆனால் ஒன்றுகூட விடாமல் அவரே எண்ணினார். "சபை சம்மதிச்சிருச்சு" என்று அறிவித்தார். சாமுவேலின் பேரை நீக்கும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஐயா எங்கள் வீட்டுக்கு வந்தார். "சாமுவேல், எனக்கு இன்னும் முழுசா மனசு ஒப்பல. ஆனா ஒன்மேல குத்தம் இல்ல. வார ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கிறேன்" என்றார். இவர் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தோம், அவ்வளவுதான். ஐயாதான் ஜெபித்து நடத்திவைத்தார்.

மழை உடனே வந்துவிடவில்லை. அந்தக் கோடை முழுக்கக் கஷ்டம்தான். ஆனால் முறை வைத்து எல்லாக் குழாயிலும் தண்ணீர் வந்தது. ஆலயக் காரியம் சபைக்கு, காலனிக் காரியம் குடியிருக்கிற எல்லோருக்கும் என்று ஆனது. இதை ஏற்காமல் சிலர் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்காகவும் ஜெபிக்கிறோம். இப்போது தண்ணீர்ப் பொறுப்பில் நூர்ஜஹான் அக்காவும் நானும் இருக்கிறோம். கூட்டத்தில் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். முன்பிருந்த செல்வராணிக்கு அது முடியாது.

அன்பானவர்களே, உங்களில் யாராவது இன்று தனியாக நிற்கிறீர்களா? நியாயமென்று பட்டதைச் சொன்னதற்காக உங்கள் சொந்த ஜனமே உங்களை ஒதுக்கியிருக்கிறதா? ஆண்டவரிடம் கேளுங்கள். பதில் எந்தத் திசையிலிருந்து வரவேண்டும் என்பதை அவருக்கே விட்டுவிடுங்கள். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ எங்களைத் தள்ளிவைத்தவரின் வீட்டுக்குள்ளேயே எங்களுக்காக ஒருவரை வைத்திருந்தார். பயமாக இருந்தால் பயத்தோடேயே கேளுங்கள். அவர் கேட்கிறவர்.