மதுவம் வளர்க்கிறோம், மது அல்ல

நொதியம், அதாவது என்சைம், செய்து விற்கிறவர்களுக்குப் பொதுவான ஒரு தலைவிதி உண்டு: செய்கிற பொருளை ஒருவருக்கும் கண்ணால் காட்ட ஏலாது, அதன் வாசத்தை ஒருவரிடமிருந்தும் மறைக்கவும் ஏலாது.

கலியாண வீட்டில் யாராவது "என்ன வேலை செய்யிறீங்க?" என்று கேட்டால் பதில் சொல்லி முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிப்போகிற தொழிலில் இருக்கும் சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காக. எங்கள் வேலை இதுதான். சம்மாந்துறையில் நெல் அவிக்கிற ஒரு மில்லிலிருந்து கஞ்சித் தண்ணீரையும் குறுணல் தூளையும் கொண்டுவருவோம். சாய்ந்தமருதில் வாப்பா கட்டிப் பூட்டி வைத்திருந்த கடையில் அதைக் காய்ச்சி ஆறவைத்து, பீப்பாய் அளவுப் பரலில் ஊற்றி, ஈஸ்டை விடுவோம். மாப்பொருளைத் தின்பதற்காக அந்த ஈஸ்ட் ஒரு நொதியத்தைச் சுரக்கும். ஈஸ்டை வடித்துவிட்டு, நொதியம் கலந்த தண்ணீரைக் கேனில் அடைத்து மருதமுனைச் சாயப் பட்டறைகளுக்குக் கொடுப்போம். தறியில் நூல் அறாமலிருக்கக் கஞ்சி போடுவார்கள். நெய்த துணியில் சாயம் பிடிக்க வேண்டுமென்றால் அந்தக் கஞ்சி போகவேண்டும். எங்கள் தண்ணீர் அதைக் கரைத்துவிடும்.

கூட்டாளி காரைதீவுச் சுதா. கம்பஸில் ஒன்றாகப் படித்தோம், ஒன்றாக வேலை கிடைக்காமல் இருந்தோம், ஒன்றாகவே இதில் விழுந்தோம்.

பெயர்ப்பலகை

ஈஸ்டுக்கு எங்கள் பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் 'மதுவம்' என்று பெயர். 'ஈஸ்ட்' என்று எழுதினால் பேக்கரி என்று நினைப்பார்கள், நல்ல தமிழில் எழுதுவோம் என்றாள் சுதா. எனக்கும் சரியென்றுதான் பட்டது. 'மதுவ நொதிய உற்பத்தி நிலையம்' என்று பலகை எழுதக் கொடுத்தோம். எழுதினவர் முதல் சொல்லைப் பெரிதாக எழுதியதில் மற்றவற்றுக்கு இடம் போதவில்லை. அவை கீழே எறும்பு வரிசைபோலப் போயின. மாட்டிய இடத்தில் லைட் போஸ்ட் ஒன்று நின்றது. ரோட்டிலிருந்து பார்த்தால் 'வ' போஸ்டுக்குப் பின்னால் போய்விடும். மிஞ்சுவது முதல் இரண்டு எழுத்துத்தான்.

அஸருக்குப் போகிறவர்கள் நின்று வாசித்தார்கள். தொழுது திரும்பியவர்கள் இன்னொரு தரம் நின்று வாசித்தார்கள். மறுநாள் பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நல்ல மனிதர், கோபப்படவில்லை. பாடப்புத்தகத்தை விரித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் முழுவதையும் பொறுமையாக வாசித்தார். பிறகு புத்தகத்தை மூடி என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்: "மகள், எனக்கு விளங்கிட்டு. ஆனா ரோட்டால போறவன்ட கையில விஞ்ஞானப் புத்தகம் இரிக்காதே."

ஜீப்

பலகையை அன்றைக்கே கழற்றினோம். அதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் போன் போட்டிருந்தார். சாராயம் பிடிக்கிற மதுவரிக்காரர் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். அவர்கள் கண்ணால் பார்த்தால் கடையில் இல்லாத குற்றம் ஒன்றுமில்லை: மூடிய பரல், அதற்குள் போகிற பைப், குமிழி, நுரை, ஈஸ்ட் வாசம், மூலையில் ஒரு கேன் சீனிப்பாகு. கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சுவதற்கு வேண்டிய எல்லாம், கசிப்பைத் தவிர.

சுதா கம்பஸில் பழகின சிங்களத்தில் விளங்கப்படுத்தினாள். பைப்பால் போவது வெறும் காற்று, காற்றுக் கிடைக்கிற ஈஸ்ட் வளருமே தவிரச் சாராயம் ஆக்காது. வந்தவர்களில் பெரிய அதிகாரி ஒவ்வொரு பரலிலும் ஒரு கோப்பை எடுத்து மணந்தார். சாராயம் அளக்கிற கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்த்தார். கடைசிப் பரலுக்கு வந்தபோது அவருடைய முகத்தில் சந்தேகம் போய் வேறு ஒன்று வந்திருந்தது. அது அனுதாபம் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. தெரிந்த தமிழில் கேட்டார்: "மிஸ், இவ்வளவு பரல், இவ்வளவு பைப், இவ்வளவு படிப்பு, ஒரு போத்தலும் வராதா?"

கழிவுக்குப் பூட்டு

மில் முதலாளி ஜௌபர் காக்கா முதலில் எங்களை வானத்திலிருந்து மலக்குகள் இறங்கினதுபோல வரவேற்றார். அவருடைய கஞ்சித் தண்ணீர் கழிவுக் கானால் ஓடி வாய்க்காலில் விழும். கீழ்க்கண்டத்து வயல்களின் விவசாயிகள் போகம் தவறாமல் வந்து சண்டை பிடிப்பார்கள். அந்தத் தண்ணீரை இரண்டு பெண்பிள்ளைகள் தாங்களாகவே வந்து அள்ளிக்கொண்டு போவதென்றால் யாருக்குக் கசக்கும்? டீயும் வடையும் தந்தார். தன்னுடைய லேண்ட்மாஸ்டர் டிராக்டரையே அனுப்பினார்.

ஒருநாள், இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டார். எனக்கும் படித்ததைச் சொல்ல ஆள் கிடைக்காத காலம். மாப்பொருள், கனியுப்பு, விற்றமின் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அடுத்த கிழமை போனால் கானை மறித்து ஒரு சீமெந்துத் தொட்டி, தொட்டிக்கு மூடி, மூடிக்கு ஆமைப்பூட்டு. விற்றமின் உள்ள சாமானை யோசித்துத்தான் கொடுக்கவேண்டும் என்றார். நாங்கள் வெறும் கேன்களோடு திரும்பி வந்து, தெரிந்த மில்லெல்லாம் அலைந்தோம்.

ஆனால் சித்திரை வெயிலுக்குப் பூட்டுத் தெரியாது. மூடிய தொட்டிக்குள் தண்ணீர் புளித்தது, பொங்கியது, மூடியைத் தூக்கியது. வாசம் முதலில் மில்லுக்குள் போனது, பிறகு அவர் கணக்குப் பார்க்கிற கந்தோருக்குள் போனது, கடைசியில் வீட்டில் சமைக்கிற குசினிக்குப் போனது. அதற்குப் பிறகுதான் போன் வந்தது: "தங்கச்சி, உங்கட சாமான் இஞ்ச கிடந்து நாறுது, கெதியா வந்து அள்ளிட்டுப் போங்க."

சாச்சியின் அப்பம்

உம்மாவின் தங்கையான சாச்சியின் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. கடையில் ஈஸ்ட் வாங்குவானேன், குடும்பத்துக்குள்ளேயே ஒருத்தி பரல் பரலாக வளர்க்கிறாளே என்று, என்னிடம் கேட்காமலேயே ஒரு கோப்பை அள்ளி அப்ப மாவில் கலந்துவிட்டார். எங்கள் ஈஸ்டுக்கு மாப்பொருள் என்றால் உயிர். விடிந்து பானையைத் திறந்தால் மாவு பொங்கவில்லை, இளகித் தண்ணியாய்க் கிடந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குக் கடை பிஸ்கட்டுத்தான். சம்பந்தம் எப்படியோ கூடிவந்துவிட்டது. ஆனாலும் சாச்சி இன்றுவரை எல்லாரிடமும் சொல்வது இதுதான்: "இவள்ட ஈஸ்ட் அப்பத்த வீங்க வைக்கல்ல, மாப்பிள்ளைக்கு முதல் அது திண்டு முடிச்சிட்டு."

கரண்ட் நின்ற மத்தியானம்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் மருதமுனை ஹனீபா ஹாஜியாரின் பட்டறைக்குப் பெரிய ஓடர். எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய ஓடர் அதுதான். பரல்கள் எல்லாம் நிறைந்து, நாளைக்கு வடிக்கலாம் என்றிருந்த மத்தியானம் கரண்ட் நின்றது. காற்றடிக்கிற பம்ப் நின்றது. காற்று இல்லாவிட்டால் ஈஸ்ட் என்ன செய்யும் என்று மதுவரிக்காரருக்கு நாங்களேதான் பாடம் நடத்தியிருந்தோம். சைக்கிள் பம்பால் அடித்துப் பார்த்தோம். ஆளுக்கொரு பரலைக் கம்பால் கலக்கிப் பார்த்தோம். கை ஓய்ந்ததே தவிர வேறு ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த வளவில் கலியாண மண்டபம். வலீமா விருந்து நடந்துகொண்டிருந்தது, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தலையெல்லாம் நுரையோடு நான் உள்ளே போய் மண்டபக்காரரைத் தேடிப்பிடித்து ஒரு வயர் கேட்டேன். அவர் வயர் தர ஒத்துக்கொள்வதற்குள் பாதிப் பரல்கள் கெட்டுவிட்டன. திறந்தால் சாராய வாசம். சுதா கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்து அழுதாள். எத்தனையோ நேர்முகப் பரீட்சைக்குப் போய் வெறுங்கையோடு வந்தபோதெல்லாம் அழாதவள். அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். மிச்சப் பாதியை வடித்து, தண்ணீர் கலக்காமல், ஹாஜியாரிடம் உண்மையைச் சொல்லிக் கொடுத்தோம். அவர் வாங்கிக்கொண்டார். கெட்டுப்போனது காரைதீவில் சுதாவின் பெரியப்பாவுடைய எருக்குழிக்குப் போனது.

மண்டபக்காரர் அன்றைக்கு வயரை நீட்டிக்கொண்டு, கோட்டுக்குள் வியர்த்து வழிந்த மாப்பிள்ளையைக் காட்டிச் சொன்னது இன்னும் காதில் கேட்கிறது: "மாப்பிள்ளைக்கே ஃபேன் பத்தல்ல, நீங்க பரலுக்குக் காத்துக் கேக்கிறீங்க."

கமரா

பெண்கள் செய்கிற புதுத்தொழில் என்று கேள்விப்பட்டு ஒரு பெரிய மனிதர் கொழும்பிலிருந்து பார்வையிட வந்தார், கமராக்காரரும் கூட. நொதியத்தைக் காட்டுங்கள் என்றார். கேனைக் காட்டினோம், தண்ணீர் மாதிரி இருந்தது. ஈஸ்டைக் காட்டினோம், சேறு மாதிரி இருந்தது. சரி, சோதனை செய்து காட்டுவோம் என்று கஞ்சி போட்ட துணியில் சுதா அயடின் விட்டாள், பளிச்சென்று கருநீலம் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு எங்கள் தண்ணீரில் ஊறவைத்த துணியில் விட்டாள். நீலம் வரவில்லை. எங்களுக்கு அதுதான் வெற்றி. பெரிய மனிதர் இன்னும் எதற்கோ காத்துக்கொண்டு நின்றார். கமராக்காரர் கமராவை மூடிக்கொண்டு மெதுவாக என்னிடம் சொன்னார்: "மிஸ், முதல் செஞ்சதுதான் நல்லம், மத்ததுக்கு இன்னும் கொஞ்சம் படிச்சிட்டுச் செய்யுங்க."

புதுச் சாரன்

எங்கள் தண்ணீரால் சாயம் ஒரே சீராகப் பிடிக்கிறது என்று ஹனீபா ஹாஜியாருக்கு ஒரே சந்தோசம். நல்ல மருந்தை மிச்சம் விடுவானேன் என்று, பெருநாளுக்குக் கடைகளுக்கு அனுப்ப மடித்து வைத்திருந்த, ஆண்கள் இடுப்பில் உடுக்கிற புதுச் சாரன்களையும் அதில் முக்கி எடுத்துவிட்டார். புதுச் சாரன் என்றால் மொடமொடவென்று தானாக நிற்கவேண்டும், உடுத்துக்கொண்டு நடந்தால் சத்தம் கேட்கவேண்டும். இவையோ பூனைக்குட்டி போல மெதுமெதுவென்று கிடந்தன. கல்முனைக் கடைக்காரர், யாரோ உடுத்துக் கழற்றினதை அனுப்பியிருக்கிறீர்கள் என்று திருப்பிவிட்டார்.

ஹாஜியார் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கியபோது சண்டைதான் என்று நினைத்தேன். அவர் ஒரு சாரனை விரித்து மேசையில் போட்டு, அதைத் தடவிக்கொண்டே கவலையோடு கேட்டார்: "மகள், நீங்க எடுத்த கஞ்சியத் திரும்பப் போட மருந்து ஏதும் இரிக்கா?"

ஸரீனா ராத்தாவின் கை

அந்தப் பட்டறையில் துணி அலசுகிறவர் ஹாஜியாரின் மனைவி ஸரீனா ராத்தா. கஞ்சி போக வேண்டுமென்று வருசக்கணக்காகக் சூடான சலவைச் சோடாத் தண்ணீரில் கைவிட்டு, விரல் நுனியெல்லாம் வெடித்து, தோல் உரிந்து கிடந்தது. சோற்றில் கை வைத்தால் எரியும், கரண்டியால்தான் சாப்பிடுவார். நான் முதலில் கேன் கொண்டுபோன நாளில், சலாம் சொல்லக்கூடக் கையை நீட்டாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு நாலைந்து மாதத்துக்குப் பிறகு போயிருந்தேன். ஹாஜியார் வெளியே போயிருந்தார். ராத்தா என்னை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சோறு போட்டார். எதிரில் உட்கார்ந்து தானும் பிசைந்து சாப்பிட்டார், கையால். அந்தக் கையைப் பிடித்து, "மாஷா அல்லாஹ், நல்லா மாறிட்டே ராத்தா," என்றேன். அவர் வாசல் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "கை சுகமான கதைய அவருக்கிட்டச் சொல்லிப் போடாதகா, சட்டி பானை கழுவ வாற பிள்ளைய நிப்பாட்டிருவாரு."

ஆக, சகபாடிகளே, மற்றவர் எறிந்ததைத் தின்றுவிட்டு, காற்றைத் தவிர வேறொன்றும் கேட்காமல், எங்கள் கடையில் ஒழுங்காக வேலை பார்ப்பது ஈஸ்ட் மட்டும்தான், அதற்கும் பேச ஒரு வாய் இருந்திருந்தால் இந்தத் தொழிலை எப்போதோ மூடியிருப்போம்.